மிட்டாய்க்கு வேர்த்த வைகாசி

அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுக்கி வச்சிக்கிடுங்க. கூலர் இருக்கு. கண்டக்டர் டாப்புல போடச் சொன்னாரு, நான் முடியாதுன்னுட்டேன். இதுக்கும் சேத்துத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன், இதுவும் நம்மள மாதிரி ஒரு பயணிதான். நீங்க கோவில்பட்டி வரைக்குமா? நல்லதாப் போச்சு. அந்த ஜன்னல் ஷட்டரை மட்டும் இறக்கி விட்டுருங்க, வெக்கை உள்ள வருதுல்லா. காத்தா? இது காத்து இல்ல அண்ணாச்சி. வெளிய கெடக்க வெக்கை உக்கார இடம் தேடி உள்ள வருது. சரி, உங்க இஷ்டம். பாதியாவது இறக்குங்க.

நமக்குத் தூத்துக்குடி. பேரு சுயம்புலிங்கம். துறைமுகத்துக்குப் போற வழியில கயித்துக்கடை வச்சிருக்கேன். கடைக்கு வாரவன்கிட்ட முதல்ல வானிலை சொல்லுவேன், அப்புறந்தான் கயிறு. மீன்பிடிக்கப் போறவன் சிரிப்பான். சிரிக்கட்டும். அவனுக்கு நாளைக்கு என்ன காத்துன்னுதான் தெரியும், எனக்கு ஆனி மாசம் வரைக்கும் தெரியும். மாசி கடைசியில கோடைக் கணிப்புன்னு ஒண்ணு போடுவாங்கல்லா, எந்தப் பக்கம் வெயில் கூடும், எந்தப் பக்கம் கொறையும், மழை உண்டா இல்லையான்னு? மத்தவனெல்லாம் அந்தச் செய்தி வரும்போது எழுந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போவான். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிற ஆளு. எங்க வீட்டுல, செண்பகவடிவு, எங்க வீட்டம்மா, அவ சொல்லுவா, இவருக்குப் பொண்டாட்டி சொல்லுறது மட்டுந்தான் கேக்காது, வானிலைக்காரன் சொல்லுறது எல்லாம் கேக்கும்னு. அது பொய். பொண்டாட்டி சொல்லுறதும் கேக்கும். செய்யுறதில்ல, அவ்வளவுதான்.

போன வருசம் கணிப்பு என்னன்னா, தெக்குக் கடலோரத்துல வெயில் வழக்கத்தை விடக் கொஞ்சம்போலக் கூடும். உள்பக்கம்தான் பொரிச்சு எடுக்கும். அதோட காத்துல ஈரம் அதிகம், புழுக்கம் கூடுதலா இருக்கும்னு என்னமோ இழுத்தான். நான் அந்த இடத்துல சத்தத்தைக் கொறைச்சிட்டேன். தூத்துக்குடியில பொறந்தவனுக்குப் புழுக்கத்தைப் பத்தி இன்னொருத்தன் வந்து பாடம் எடுக்கணுமா? நீங்களே சொல்லுங்க.

அந்த சமயத்துலதான் எம் பிள்ளைக்குக் கோவில்பட்டியில மாப்பிள்ளை தெகைஞ்சுது. மகளுக்குப் பிரமசக்தின்னு பேரு. ஒத்தப் பிள்ளை. மாப்பிள்ளை தங்கமான பையன். சம்மந்திக்குக் கடலை மிட்டாய் கம்பெனி, பேரு வெயிலுமுத்து. பேரைப் பாத்தீங்களா? அந்த ஊருக்கு ஏத்த பேரு. நாங்க மாப்பிள்ளை வீடு பாக்கப் போறோம். பங்குனி வெயிலு. கரிசக்காட்டு வெயில் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், உச்சந்தலையில தோசை ஊத்தலாம். உள்ள போய் உக்காந்தா, ஆகா, குளுகுளுன்னு இருக்கு. என்னடான்னு பாத்தா, மூலையில ஒரு பெட்டி. தண்ணி ஊத்தி வச்சிருக்கு, சத்தம் போட்டுக்கிட்டு காத்து விடுது. கூலர். நான் முதமுதல்ல அன்னைக்குத்தான் அண்ணாச்சி கூலர் முன்னால உக்காந்தேன். எந்திரிக்க மனசே வரல. மாப்பிள்ளை வந்து கும்புட்டு நின்னதைக் கூட நான் கவனிக்கலைன்னு பொறவு செண்பகவடிவு சொன்னா.

பேச்சு நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துது. கல்யாணம் வைகாசியில, எங்க ஊருல, எங்க சங்கத்து மண்டபத்துலன்னு நான் சொன்னேன். நான் அந்தச் சங்கத்துக்குச் செயலாளரு. மண்டபத்துக்கு ஏசி போடணும்னு நாலு பேரு கூட்டத்துல குதிச்சப்ப, கடல் இருக்க ஊருக்கு எதுக்குய்யா ஏசின்னு நாந்தான் அடிச்சுப் பேசி நிறுத்தி வச்சேன். அப்படி இருக்க எம் பிள்ளை கல்யாணத்தை ஏசி மண்டபத்துல வச்சா ஊரு என்ன பேசும்? அங்கதான் சம்மந்தி ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. உங்க ஊருல வைகாசி மாசம் பட்டுச் சட்டை போட்டா பிழிஞ்சு காயப் போடணுமே சம்மந்தி, பேசாம இங்கயே வச்சிக்கிடுவோம்னாரு. அவங்க ஆளுங்க எல்லாரும் ஒரு சிரிப்பு. ஒரு பொம்பள முந்தானைக்குள்ள முகத்தை வச்சிக்கிட்டுச் சிரிக்கா.

எனக்கு வந்துது பாருங்க ஒரு வேகம். எழுந்திரிச்சு நின்னுட்டேன்.

"எங்க மண்டபத்துல உங்க ஆளு ஒருத்தருக்கு வேர்த்தாலும் சரி, எம் பிள்ளையோட தலைப்பிரசவத்தை உங்க வீட்டுலயே வச்சிக்கிடுங்க."

உங்களுக்குத் தெரியாததா, தலைப்பிரசவம் தாய்வீட்டு உரிமைல்லா? வளைகாப்புப் போட்டு, பிள்ளையைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, மடியில போட்டுப் பாக்கது. எந்தத் தகப்பனாவது அதைக் கொண்டு போய்ப் பந்தயத்துல வைப்பானான்னு நீங்க நினைக்கது புரியுது. செண்பகவடிவும் அதைத்தான் பஸ்ஸுல கேட்டா. இன்னும் தாலியே கட்டல, அதுக்குள்ள பேறுகாலத்தைத் தூக்கிப் பந்தயத்துல வச்சிட்டு வாரீங்களேன்னு குறுக்குச்சாலை ஸ்டாப் வரைக்கும் ஒரே அழுகை. நான் ஜெயிக்கிற பந்தயத்தைத்தானே வச்சிருக்கேன்னு சொன்னேன். அவளுக்கு எம் மேல நம்பிக்கை எப்பவுமே கொஞ்சம் கம்மி.

திட்டம் என்னன்னு சொல்லுதேன் கேளுங்க. அவரு பெட்டியை வச்சே அவரை மடக்குறது. அவரு வீட்டுல ஒரு கூலர்தானே இருக்கு? நான் எட்டு கூலர் வைக்கேன். சாத்தூர்ல ஒரு பந்தல்காரன் வாடகைக்கு விடுதான்னு கேள்விப்பட்டு, நம்ம லோடு வண்டியை எடுத்துக்கிட்டு நானே போனேன். எந்த ஊருக்குன்னு கேட்டான். தூத்துக்குடின்னு சொன்னா ரொம்ப தூரம்னு வாடகையைக் கூட்டுவான்லா? எட்டயபுரம்னுட்டேன். பொறவு, திரும்பக் கொண்டு போய்க் குடுக்கும்போது, கடலோரத்துக்கா கொண்டு போனீங்க, முன்னாலயே சொல்லியிருந்தா தந்திருக்கவே மாட்டேனேன்னு நெத்தியில அடிச்சிக்கிட்டான். தொழில் தெரிஞ்சவன் கேக்காமலே சொல்லணுமா வேண்டாமா? நான் எட்டயபுரம்னு சொன்னா என்ன, என் மூஞ்சியைப் பாத்தா கடல்காத்துல வளந்தவன்னு தெரியாதா? அவன் பண்ணுன தப்பு, பேரு எனக்கு.

கல்யாணத்தன்னைக்கு விடியக்காலையிலயே எட்டு கூலரையும் மண்டபத்துல சுத்தி நிறுத்தியாச்சு. வெறும் தண்ணி ஊத்துனா போதுமா? நான் இன்னும் ஒரு படி மேல போனேன். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனி இருக்குல்லா, அங்க இருந்து ஐஸ் பாளம் எடுத்துட்டு வந்து உடைச்சு ஒவ்வொண்ணுலயும் போட்டேன். ஐஸ் என்னமோ சுத்தமான ஐஸ்தான். அதை அள்ளிக்கிட்டு வந்த பெட்டிதான் கொஞ்சம் சாளை மீன் வச்ச பெட்டி. நாலு தடவை கழுவுனான், என் கண்ணு முன்னால கழுவுனான்.

பொறவு, ஜன்னல் எல்லாத்தையும் அடைச்சேன். ஒண்ணு விடாம. ஏசி ரூமுல ஜன்னலைத் திறந்து வைப்பாங்களா? குளுமை வெளிய போயிரும்லா. வாசல்ல ஒரு ஆளை நிறுத்தி, ஆளு உள்ள வந்ததும் கதவைச் சாத்துன்னு சொல்லி வச்சேன். செண்பகவடிவு பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு வந்து நின்னவ, ஒரு மூச்சு இழுத்துட்டு, ஏங்க, கடல்பக்கத்து ஜன்னலையாவது திறங்க, இது என்ன இட்லிக் கொப்பரையான்னு கேட்டா. கல்யாண வீட்டுல வாய வைக்காதன்னுட்டேன்.

முதல்ல கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துது, சத்தியமா. யாரும் இல்லாதவரைக்கும்.

மாப்பிள்ளை வீட்டு வேன் ரெண்டும் வந்து இறங்குச்சு. சனம் உள்ள வந்துது. கதவைச் சாத்தியாச்சு. எட்டு கூலரும் ஈரக் காத்தை அள்ளி அள்ளி ஊத்துது. அண்ணாச்சி, எங்க ஊரு காத்துல ஏற்கெனவே ஈரம் தளும்பிக்கிட்டுத்தான் நிக்கும். அதுக்குள்ள இன்னும் தண்ணியைப் போட்டா அது எங்க போகும்? சட்டைக்குள்ளதான் போகும். மேளக்காரர் தவிலைத் தட்டுதாரு, தொப்பு தொப்புன்னு தலையணையைத் தட்டுன மாதிரி கேக்கு. தோலு ஊறிப் போச்சாம். அவரு தவிலைத் தூக்கிக்கிட்டு அனல் காட்ட சமையக்கட்டுக்குப் போனவரு, கெட்டிமேளத்துக்குக் கூப்பிட்ட பொறவுதான் வந்தாரு. பந்திக்குப் பொரிச்சு வச்ச அப்பளம், மடிச்சுப் பையில வச்சிக்கிடலாம், அந்தப் பக்குவத்துக்கு வந்துட்டுது. எம் பிள்ளைக்கு அழகு பண்ண வந்த பொண்ணு, பிள்ளையோட கண்ணுமை கன்னத்துக்கு வர வர, துடைச்சிக்கிட்டே மேடையில ஏறி உக்காந்துட்டா. போட்டோவுல எல்லாம் அவளும் இருக்கா, குடும்பத்துல ஒருத்தி மாதிரி.

அப்பத்தான் யாரோ ஒரு கிழவரு, மாப்பிள்ளை வீட்டு ஆளு, சத்தமாக் கேக்காரு, ஏம்ப்பா சைவச் சாப்பாடுன்னாங்களே, மீன் வாடை அடிக்குதேன்னு.

நான் காதுல வாங்கல. பந்தயந்தான் என் மனசுல ஓடுது. மேடைக்குப் போய் மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க முகத்தை வரிசையாப் பாக்கேன். ஒவ்வொரு முகத்துலயும் முத்து முத்தா நிக்கு. சம்மந்தி துண்டை எடுத்து ஒரு தடவை முறுக்குனாரு, சொட்டுது. என்னைப் பாத்தாரு. நான் விட்டுக் குடுக்கல அண்ணாச்சி. அது வேர்வை இல்ல சம்மந்தி, கூலர்ல இருந்து தெறிக்கிற தண்ணின்னு சொன்னேன். இன்னைக்கும் அதைத்தான் சொல்லுவேன். வேர்வைன்னா உடம்புக்குள்ள இருந்து வரணும். இது வெளிய இருந்து வந்துது. சட்டப்படி பாத்தா நான் தோக்கல.

அவரு நேரா சீர்த் தட்டு வச்சிருந்த இடத்துக்குப் போனாரு. அவங்க கம்பெனியில இருந்து தட்டுத் தட்டா கடலை மிட்டாய் கொண்டு வந்து அடுக்கி வச்சிருந்தாங்க. அதுல ஒரு தட்டை எடுத்துட்டு வந்து, எனக்கு முன்னால கவுத்தாரு. ஒரு மிட்டாயும் கீழ விழல. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பாகு கசிஞ்சு, பளபளன்னு தட்டைப் பிடிச்சிக்கிட்டுத் தொங்குது.

"சரி சம்மந்தி, எங்க ஆளுங்களுக்கு வேர்க்கல, ஒத்துக்கிறேன். எங்க மிட்டாய்க்கு வேர்த்திருக்கே, இதுக்கு என்ன சொல்றீங்க?"

மண்டபமே சிரிச்சுது. ஐயரு மந்திரத்தை நிறுத்திட்டுச் சிரிக்காரு. பந்தயம் ஆளுக்குத்தானே, மிட்டாய்க்கு இல்லையேன்னு நான் வாதாடியிருப்பேன். அந்த நேரம் பாத்து என் மூக்கு நுனியில இருந்து ஒரு சொட்டு சரியா அந்தத் தட்டு மேல விழுந்து தொலைச்சுது.

அதுக்குள்ள அண்ணாச்சி, முகூர்த்தம் வந்துட்டுது. மாப்பிள்ளை தாலியை எடுக்காரு. கை வழுக்குது. மஞ்சக் கயிறு நனைஞ்சு கெடக்கு, முடிச்சு விழ மாட்டேங்கு. ஒரு தடவை போடுதாரு, நழுவுது. மறுபடியும் போடுதாரு. நானும் கயித்து யாவாரிதான், ஈரக் கயிறு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும், ஆனா அங்க போய் நான் முடிச்சுப் போட முடியுமா? எம் பிள்ளை குனிஞ்சிக்கிட்டே இருக்கா. சிரிச்சவங்க எல்லாம் சிரிப்பை நிறுத்திட்டாங்க. கடவுளே, இது நல்லபடியா முடியணுமேன்னு நான் கையெடுத்துக் கும்புடுதேன். அப்ப சம்மந்தி மேடையில இருந்து குதிச்சு ஓடிப் போய், கடல்பக்கத்து ஜன்னல் எல்லாத்தையும் படார் படார்னு திறந்துவிட்டாரு.

எங்க ஊருல அந்த நேரத்துக்குக் கடல்காத்து கெளம்பிரும். எவ்வளவு நேரமா வெளிய காத்துக்கிட்டு நின்னுதோ, ஒரே வரத்தா வந்துது பாருங்க, தோரணம் எல்லாம் ஆடுது. அப்படியே எல்லாருக்கும் உசிரு வந்துட்டுது. மாப்பிள்ளை பட்டு வேட்டியில கையைத் துடைச்சாரு, முடிச்சுப் போட்டாரு. மிச்ச ரெண்டு முடிச்சையும் அவரு தங்கச்சி போட்டா. தவிலும் அந்த நேரம் பாத்து அடுப்படியில இருந்து வந்துட்டுது. வெளக்கு அணையல, அதையும் சொல்லிருதேன், பொறவு யாரும் வேற மாதிரிச் சொன்னா நம்பாதீங்க. எவ்வளவு சரியான நேரத்துக்குக் கடல்காத்து வரும்படியா முகூர்த்தம் குறிச்சிருக்கேன் பாத்தீங்களா? வானிலை தெரிஞ்சவன் வீட்டுக் கல்யாணம்னா சும்மாவா. ஆனா ஒருத்தன் வாய்ல இருந்தும் அந்தப் பாராட்டு வரல. எல்லாரும் ஜன்னலைத் திறந்தவரைத்தான் கொண்டாடுதாங்க.

என்ன அண்ணாச்சி, மூக்கைச் சுருக்குதீங்க? ஓ, அதுவா. எட்டுல ஏழு கூலரைப் பந்தல்காரன் திரும்ப எடுத்துக்கிட்டான். இந்த ஒண்ணை மோந்து பாத்துட்டு, இதை நீங்களே வச்சிக்கிடுங்கன்னுட்டான். ஒரு வருசம் ஆகப் போகுது, இப்ப வாடையெல்லாம் ஒண்ணும் இல்ல. உங்களுக்குத் தெரியுதா? நான் சொன்னதுனால உங்களுக்கு அப்படித் தோணுது.

இப்ப கழிஞ்ச மாசியில பிள்ளைக்கு வளைகாப்பு. சம்மந்தி வீட்டுலதான். முடிஞ்சதும் சம்மந்தி என் கையைப் பிடிச்சிக்கிட்டாரு. பேச்சுக்குச் சொன்னதை எல்லாம் மனசுல வைக்காதீங்க, பிள்ளையை முறைப்படி கூட்டிட்டுப் போங்கன்னாரு. மனுசன் மனுசன்தான், நான் இல்லைங்கல. நான் வேனுல பின் சீட்டுல மெத்தை போட்டு, தலையணை வச்சு, தண்ணி பாட்டில் எல்லாம் தயாரா வச்சிருந்தேன். கேக்காமலே விட்டுக் குடுப்பாருன்னு எனக்கு ஒரு கணிப்பு இருந்துது.

எம் பிள்ளை என்ன சொன்னா தெரியுமா? தலையைக் குனிஞ்சிக்கிட்டு, கை நிறைய வளையலோட, "எங்கப்பா சபையில குடுத்த வாக்கு மாமா. நான் மீற மாட்டேன்"னுட்டா.

அங்க இருந்த பொம்பளைங்க எல்லாம் முந்தானையை வாய்ல வச்சிக்கிட்டாங்க. அழுகையை அடக்குதாங்கன்னு நினைக்கேன். செண்பகவடிவு, பிள்ளை தனியா இருக்க வேண்டாம், நானும் பேறுகாலம் முடியுற வரைக்கும் இங்கயே இருக்கேன்னுட்டா. அவ பை கூட ஏற்கெனவே கட்டித்தான் வச்சிருந்தா. எப்படி வளத்திருக்கேன் பாத்தீங்களா அண்ணாச்சி என் பிள்ளையை? வரப் போறது கோடை, தாய்வீட்டுல கடல்காத்து, கோவில்பட்டியில அனல். அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு அப்பன் வாக்குதான் பெருசுன்னு நிக்காளே. கூலர் இருக்குல்லா அவங்க வீட்டுல, அதனாலன்னு செண்பகவடிவு என்னமோ முணுமுணுத்தா. அவளுக்குப் பொறாமை.

திரும்பி வரும்போது வேனுல நான் மட்டுந்தான். மெத்தை அப்படியே கெடக்கு. அதுல தலையணை ஒவ்வொரு திருப்பத்துலயும் உருளுது. கல்யாணமாகிப் போகும்போது கூட நான் அழல அண்ணாச்சி. அன்னைக்கு அழுதேன். டிரைவர் கண்ணாடியில பாத்துட்டு, வெயில் கண்ணுக்குக் கூசுதா முதலாளின்னான். ஆமான்னுட்டேன்.

வீட்டுல ஒத்தையா இருக்க முடியல. உள்ளதைச் சொல்லுதேன். பாத்திரம் உருளுற சத்தம் இல்ல, திட்டு இல்ல. டிவியில வானிலை போடும்போது சத்தத்தைக் கொறைங்கன்னு சொல்ல ஆளு இல்ல. கொறைக்கச் சொல்ல ஆளு இல்லாம, சத்தமாக் கேட்டு என்ன பிரயோசனம்? இந்த வருசக் கணிப்பை இதனாலயே முழுசாக் கேட்டேன், கடைசி வரைக்கும். கடலோரத்துல புழுக்கம், உள்பக்கம் அனல், கோவில்பட்டிப் பக்கமெல்லாம் போன வருசத்தை விடக் கடுமை. பிள்ளைக்கு வைகாசியில நாள் குறிச்சிருக்கு. மனசு கேக்குமா? இந்தக் கூலரைத் தூக்கிட்டேன். போறேன், அங்கயே இருக்கேன், பேரனோ பேத்தியோ கையில வாங்கிட்டுத்தான் வருவேன். நான் தங்கப் போறேன்னு அங்க இன்னும் யாருக்கும் சொல்லல. சந்தோசத்தை ஒரேயடியாக் குடுக்கணும்.

காலையில பிள்ளைகிட்டப் போன்ல பேசுனேன், கூலர் கொண்டு வாரேம்மான்னு. அவ பதறிட்டா. "நீங்க மட்டும் வந்தாப் போதும்ப்பா, கூலர் வேண்டாம்"ன்னா. பாத்தீங்களா, இந்த வெயில்ல அப்பன் சொமை தூக்கக் கூடாதுன்னு நினைக்கா. அப்புறம் போனை வைக்கதுக்கு முன்னால இன்னொண்ணும் சொன்னா. "வந்தா ஜன்னல் பக்கம் மட்டும் போகாதீங்கப்பா"ன்னா.

வயித்துல பிள்ளையை வச்சிக்கிட்டு, ஜன்னல் காத்து பட்டு அப்பனுக்குச் சளி பிடிச்சிரக் கூடாதேன்னு நினைக்காளே அண்ணாச்சி, இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கெடைக்கும்?

எட்டயபுரம் தாண்டியாச்சா? அப்ப இனிமே வெக்கை கூடும். அந்த ஷட்டரை முழுசா இறக்கிவிடுங்க.